செய்தி அட்டையைக் கேஷ் செய்தும் முகப்புப் பக்கம் வேகமாகவில்லை, ஏன்?

நெய்தல்:

வணக்கம் நண்பர்களே. தமிழ், ஆங்கிலம் என இரண்டு பதிப்புகள் உள்ள ஒரு செய்தித் தளத்தில் பின்முனை வேலை பார்க்கிறேன். ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதியது, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், கேஷுக்கு (ஒருமுறை உருவாக்கியதை எடுத்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் இடம்) ரெடிஸ். இரண்டு பதிப்பும் ஒரே கோடில்தான் ஓடுகின்றன.

'செய்தி அட்டை' என்று ஒரு காம்பொனென்ட், அதாவது பல பக்கங்களில் பயன்படும் ஒரு பக்கத் துண்டு, இருக்கிறது. படம், தலைப்பு, எழுதியவர் பெயர், "10 நிமிடங்களுக்கு முன்" என்ற நேரக்குறிப்பு, கருத்துகளின் எண்ணிக்கை, உள்நுழைந்தவருக்கு 'சேமி' என்ற சின்னக் குறி. முகப்பு, பிரிவுப் பக்கங்கள், தேடல், கட்டுரையின் அடியில் 'தொடர்புடையவை' என்று எங்கே பார்த்தாலும் இதே அட்டைதான். முகப்பில் மட்டும் 60 அட்டைகள் வரும்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் தளம் திணறிப்போகிறது. அதற்காகத்தான் அட்டையைக் கேஷ் செய்தோம். எல்லா இடத்திலும் அதே அட்டை என்பதால் ஒரே இடத்தில் கேஷ் வைத்தால் எல்லாப் பக்கமும் வேகமாகும் என்பது கணக்கு. ஆனால் முகப்பு கொஞ்சம்கூட வேகமாகவில்லை. ஆங்கிலப் பதிப்பில் நடுநடுவே தமிழ் நேரக்குறிப்பு எட்டிப் பார்க்கிறது. ஒருவர் சேமித்த செய்தி இன்னொருவருக்கும் சேமித்ததாகத் தெரிகிறது. புதுக் கோடை ஏற்றும் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் சில நொடிகள் மூச்சுத் திணறுகிறது.

அலுவலகத்தில் இன்னும் இரண்டு சர்வர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஆனைமுடி:

சர்வரை இப்போதைக்கு விடுங்கள் நெய்தல். முதலில் 'சேமி' குறியைக் கவனியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அது வேகம் சம்பந்தப்பட்டதே அல்ல. ஒருவருடைய தகவல் இன்னொருவர் திரைக்குப் போகிறது. இன்றைக்கு ஒரு குறிதான். நாளைக்கு அதே அட்டையில் யாராவது சந்தா விவரத்தைச் சேர்த்தால் அதுவும் போகும்.

2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் இதுதான் நடந்தது. தாக்குதலையும் விடுமுறை விற்பனைக் கூட்டத்தையும் சமாளிக்க அவசரமாகக் கேஷ் விதிகளை மாற்றினார்கள். அதில் ஒன்று, உள்நுழைந்த ஒருவருக்காக உருவான பக்கத்தை அடுத்தவருக்கும் எடுத்துக் கொடுத்தது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று வால்வ் நிறுவனமே பிறகு சொன்னது. அந்தக் கடையின் கோடில் பிழை இல்லை. கேஷ் எதை வைத்து ஆளை வேறுபடுத்துகிறது என்பதில்தான் கோளாறு.

உங்கள் அட்டை எதையெல்லாம் பார்த்து எச்டிஎம்எல்லை உருவாக்குகிறது என்று எழுதிப் பாருங்கள். செய்தி, மொழி, உள்நுழைந்திருப்பவர், இப்போதைய நேரம், கருத்து எண்ணிக்கை. ஐந்து. கேஷ் கீயில், அதாவது கேஷில் ஒரு பொருளைத் தேட உதவும் பெயரில், எத்தனை இருக்கிறது? ரெயில்ஸ் தரும் கேஷ் உதவியை அப்படியே போட்டிருந்தால் டெம்ப்ளேட்டின் கையொப்பமும் (அட்டையின் வார்ப்புக் கோடிலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீடு) செய்தியின் அடையாளமும், திருத்திய நேரமும் மட்டும்தான். மொழியை அது தானாகச் சேர்க்காது. உங்கள் ஆங்கிலப் பதிப்பில் தமிழ் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

இப்போது இந்த ஐந்தையும் கீயில் போட்டுவிடலாமா? மொழியைப் போடலாம், இரண்டே இரண்டுதான். உள்நுழைந்தவரைப் போட்டால் கேஷ் செத்தது. ஒவ்வொரு வாசகருக்கும் 60 அட்டைகள் தனித்தனியாக ரெடிஸில் உட்காரும், ஒருவருடையது இன்னொருவருக்கு உதவாது. நேரத்தைப் போட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் பழசாகும்.

அதனால் அவற்றை அட்டையை விட்டே வெளியேற்றுங்கள். 'சேமி' குறியை எல்லோருக்கும் காலியாகவே வரைந்து அனுப்புங்கள். பக்கம் வந்து சேர்ந்த பிறகு பிரவுசர் ஒரே ஒரு சின்னக் கோரிக்கை அனுப்பி "இவர் சேமித்தவை எவை" என்று எண்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, குறிகளை நிரப்பட்டும். நேரக்குறிப்புக்கு எச்டிஎம்எல்லின் டைம் டேகில் வெளியான நேரத்தை முழுதாக எழுதிவிட்டு, "எத்தனை நிமிடத்துக்கு முன்" என்பதைப் பிரவுசரிலேயே கணக்கிடுங்கள். இதற்கு நூலகம் எதுவும் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும் இன்டல் ரிலேட்டிவ்டைம்ஃபார்மேட்டுக்குத் தமிழ் தெரியும், "10 நிமிடங்களுக்கு முன்" என்றே எழுதித் தரும்.

வருகிறவர் யார் என்று காம்பொனென்டுக்குத் தெரியவே கூடாது. நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது இதைத்தான். அட்டைக்குள்ளே எங்காவது 'கரன்ட் யூசர்' (உள்நுழைந்திருப்பவர் யார்) என்று ஒரு வரி இருந்தால், அந்த அட்டை நிற்கும் ஒவ்வொரு பக்கமும் கேஷ் செய்ய முடியாத பக்கமாகிவிடும். அதே அட்டையை 20 இடத்தில் வைத்திருந்தால் 20 பக்கங்களும் கெட்டன. மறுபயன்பாட்டின் லாபம் எவ்வளவு பெரிதோ, இந்த விஷயத்தில் அதன் சேதமும் அவ்வளவு பெரிது.

நெய்தல்:

'சேமி' குறியை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன், நன்றி. ஆனால் வேகம் ஏன் கூடவில்லை என்பது இன்னும் புரியவில்லை. ரெடிஸ் அதே வலையமைப்புக்குள்தான் இருக்கிறது. அட்டையை வரைய ஆகும் நேரத்தை அளந்து பார்த்தேன். ஒன்றுக்கு ஒரு மில்லிநொடி அளவுதான்.

ஆனைமுடி:

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரே தரவு மையத்துக்குள் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வர அரை மில்லிநொடி என்று வைத்துக்கொள்வது வழக்கம். 60 அட்டைக்கு 60 முறை ரெடிஸைத் தட்டினால் 30 மில்லிநொடி. எல்லாமே கேஷில் கிடைத்தால்கூட 60 மில்லிநொடி 30 ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் கிடைக்காதபோது? தேடிய அரை மில்லிநொடி, வரைய ஒன்று, திரும்ப எழுத இன்னொரு அரை. பத்துக்கு நான்கு தடவைதான் கிடைக்கிறது என்றால் ஓர் அட்டைக்குச் சராசரி 1.4 மில்லிநொடி. கேஷே இல்லாவிட்டால் 1. கேஷ் வைத்து மெதுவாக்கியிருக்கிறீர்கள்.

உங்களுக்குக் கிடைக்கும் விகிதம் குறைவாகத்தான் இருக்கும். ஏனென்றால் ஒவ்வொரு கருத்து விழும்போதும் செய்தியின் திருத்திய நேரம் மாறுமாறு வைத்திருப்பீர்கள், எண்ணிக்கை சரியாகத் தெரிய வேண்டுமே என்று. சரியா?

செய்ய வேண்டியது இதுதான். அட்டைகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் வரையாமல், முழுத் தொகுப்பையும் ஒரே ரெண்டர் அழைப்பில் கொடுத்து 'கேஷ்டு' என்ற விருப்பத்தைப் போடுங்கள். ரெயில்ஸ் 5 முதல் இருக்கிறது. 60 கீகளையும் ஒரே கோரிக்கையில் கேட்டு வாங்கி, இல்லாதவற்றை மட்டும் வரையும். 60 பயணம் ஒன்றாகிவிடும். மொழியையும் கீயில் சேர்க்க, அந்த விருப்பத்துக்கு 'உண்மை' என்பதற்குப் பதிலாக ஒரு சின்ன லாம்டாவை (பெயரில்லாத ஃபங்ஷனை) கொடுங்கள், அது மொழியையும் செய்தியையும் சேர்த்துத் திருப்பட்டும்.

அடுத்து, 60 அட்டைகளை உள்ளடக்கிய பட்டியலையே ஒரு வெளிக்கேஷில் சுற்றலாம். ரஷ்ய பொம்மை என்று சொல்வார்களே, அது. வெளிப்பட்டியல் கிடைத்துவிட்டால் உள்ளே எட்டிப் பார்க்கவே வேண்டாம். ஒரு அட்டை மாறினால் வெளி உடையும், ஆனால் மீதி 59 அட்டைகளும் கேஷிலிருந்தே வரும்.

தறி:

ஆனைமுடி சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். கீயில் எதைப் போடுவது என்று கையால் முடிவு செய்யும் இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. எதைப் போட வேண்டும் என்று யார் நினைவு வைத்திருப்பது? இன்றைக்கு அட்டையை எழுதியவருக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து அட்டைக்குள்ளே எழுதியவர் படத்தைச் சேர்க்கும் புதிய ஆளுக்குத் தெரியாது. எழுதியவர் தன் படத்தை மாற்றுவார், செய்தியின் திருத்திய நேரம் மாறாது, பழைய படம் நிற்கும்.

நான் ட்ரூப்பல் என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில் வேலை செய்பவன். அதைக் கனமான சாமான் என்று பலர் ஒதுக்குவார்கள், ஆனால் 2015 நவம்பரில் வந்த 8ஆம் பதிப்பில் இந்தப் பிரச்சினையை அவர்கள் தீர்த்த விதத்தை எந்த மொழியில் எழுதுபவரும் ஒருமுறை படிக்க வேண்டும். ஒவ்வொரு காம்பொனென்டும் தன்னை வரைந்து தரும்போதே மூன்று விவரங்களைச் சேர்த்துத் தரும். எதைப் பொறுத்து மாறுவேன் (மொழி, பயனர், இணைய முகவரி), எந்தத் தரவுகளை நம்பியிருக்கிறேன் (செய்தி 12, எழுதியவர் 7), எவ்வளவு நேரம் செல்லுவேன். முதலாவது சூழல், இரண்டாவது குறிச்சொல், மூன்றாவது ஆயுள்.

அழகு எங்கே என்றால், இந்த விவரங்கள் உள்ளிருந்து வெளியே தானாக ஏறிவரும். அட்டை "நான் எழுதியவர் 7-ஐ நம்பியிருக்கிறேன்" என்றால், அட்டையை வைத்திருக்கும் பட்டியலுக்கும், பட்டியலை வைத்திருக்கும் பக்கத்துக்கும் அந்தக் குறிச்சொல் ஒட்டிக்கொள்ளும். எழுதியவர் 7 தன் படத்தை மாற்றியதும் அந்தக் குறிச்சொல்லைச் செல்லாததாக்கினால் போதும், அவர் அட்டை எங்கெங்கே இருக்கிறதோ அத்தனை பக்கங்களும் பழசாகும். எந்தெந்தப் பக்கம் என்று எவரும் பட்டியல் வைத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு துண்டு "நான் பயனரைப் பொறுத்து மாறுவேன்" என்று அறிவித்தால், பக்கத்தைக் கேஷ் செய்யும்போது அந்த இடத்தைக் காலியாக விட்டு, கடைசியில் நிரப்பும். 'சேமி' குறிக்கு ஆனைமுடி கையால் செய்யச் சொன்னதை அது தானாகவே செய்கிறது.

கேஷ் செய்வது பக்கத்தின் வேலை, எதை நம்பியிருக்கிறேன் என்று சொல்வது காம்பொனென்டின் வேலை. இந்த இரண்டையும் பிரிக்காத அமைப்பில் காம்பொனென்ட் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டினால் கேஷை யாரும் நம்ப மாட்டார்கள். சந்தேகம் வந்தால் முழுக் கேஷையும் துடைத்துவிடும் பழக்கம் வந்துவிடும். அதற்குப் பிறகு அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

ஆனைமுடி:

தறி, ஏற்றுக்கொள்கிறேன். ரெயில்ஸில் இதற்கு நேரான வசதி கிடையாது. 'டச்' என்ற சங்கிலியை வைத்து ஒப்பேற்றுகிறோம்: எழுதியவர் மாறினால் அவருடைய செய்திகளின் நேரத்தையும் மாற்று என்று. ஆயிரம் செய்தி எழுதியவர் படத்தை மாற்றினால் ஆயிரம் வரிசைகளைத் திருத்த வேண்டும். உங்கள் வழியில் ஒரு எண் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் குறிச்சொல் வழிக்கும் விலை உண்டு. கேஷிலிருந்து எடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் அதன் குறிச்சொற்கள் இன்னும் செல்லுமா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கீ வழியில் அந்தச் சரிபார்ப்பு இல்லை, கீ பொருந்தினால் அது புதுசு. எழுதியவர் படம் வருடத்துக்கு ஒருமுறை மாறுவதற்காக நெய்தல் இப்போது முழு அமைப்பையும் மாற்றத் தேவையில்லை. எழுதியவர் எண்ணையும் அவர் திருத்திய நேரத்தையும் அட்டையின் கீயில் சேர்த்தால் போதும்.

இன்னொன்று, நெய்தல். அட்டை பார்ஷியலா (வேறு டெம்ப்ளேட்டுக்குள் அழைக்கும் துணை டெம்ப்ளேட்), ரூபி வகுப்பாக எழுதிய காம்பொனென்டா? ரெயில்ஸ், டெம்ப்ளேட்டின் எழுத்தைப் படித்துப் பார்த்து அது அழைக்கும் பார்ஷியல்களைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கையொப்பம் போடும். வகுப்பை அழைத்தால் அதன் உள்ளே நடப்பது அந்தக் கையொப்பத்தில் சேராமல் போகலாம். அட்டையின் வடிவத்தை மாற்றி ஏற்றிய பிறகும் பழைய வடிவமே தெரியும். உங்கள் பதிப்பில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சேரவில்லை என்றால் வகுப்புக்குள் ஒரு பதிப்பு எண் வைத்து அதைக் கீயில் சேருங்கள்.

கம்பிவேலி:

நான் சர்வர் பக்கத்து ஆள். புதுக் கோட் ஏற்றும்போது டேட்டாபேஸ் திணறுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. தேர்வு முடிவு நாளில் உங்களைக் கவிழ்க்கப்போவது அதுதான்.

அட்டை டெம்ப்ளேட்டில் ஒரு காற்புள்ளி மாறினாலும் கையொப்பம் மாறும். அட்டை எல்லா இடத்திலும் இருப்பதால் அதைச் சுற்றியிருக்கும் எல்லா வெளிக்கேஷும் ஒரே நொடியில் செல்லாமல் போகும். அந்த நொடியில் வரும் ஒவ்வொரு கோரிக்கையும் "கேஷில் இல்லை, நானே டேட்டாபேஸைக் கேட்கிறேன்" என்று கிளம்பும். ஒரு கணக்கு போடுகிறேன். 'அதிகம் படித்தவை' பட்டியலுக்கான வினவல் 3 நொடி எடுக்கிறது, நொடிக்கு 200 கோரிக்கை வருகிறது என்று வையுங்கள். முதல் ஆள் பதிலை எழுதி முடிப்பதற்குள் 600 பேர் அதே வினவலைத் தொடங்கியிருப்பார்கள். 600 ஒன்றாக ஓடினால் அது 3 நொடியில் முடியாது. கேஷ் நிரம்பவே நிரம்பாது, ஏனென்றால் நிரப்ப வேண்டியவரே வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த நிலையில் இரண்டு சர்வர் கூடுதலாகப் போட்டால் டேட்டாபேஸை அடிக்க இன்னும் இரண்டு பேர் சேருகிறார்கள், அவ்வளவுதான்.

ஃபேஸ்புக் தன் மெம்கேஷ் என்ற கேஷ் அமைப்பைப் பற்றி 2013இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. அதில் 'லீஸ்' என்று ஒரு ஏற்பாடு. கேஷில் பொருள் இல்லாதபோது முதலில் கேட்டவருக்கு ஒரு டோக்கன் கொடுப்பார்கள், "நீ போய் எடுத்து வா" என்று. ஒரு கீக்கு 10 நொடிக்கு ஒரு டோக்கன்தான். மற்றவர்களுக்கு "கொஞ்சம் பொறு" என்று பதில். திரும்பக் கேட்பதற்குள் பொருள் பெரும்பாலும் வந்துவிடும். இந்த நெரிசலில் மாட்டும் சில கீகளை எடுத்து அளந்தபோது டேட்டாபேஸுக்கான உச்ச வினவல் நொடிக்கு 17,000இலிருந்து 1,300ஆக இறங்கியது என்று அதிலேயே எண் கொடுத்திருக்கிறார்கள்.

ரெடிஸில் இதையே செய்ய, "இல்லாவிட்டால் மட்டும் எழுது" என்ற நிபந்தனையோடும் ஆயுளோடும் ஒரு பூட்டுக் கீயை எழுதுங்கள். எழுத முடிந்தவர் வினவலை ஓட்டுவார். முடியாதவர் கடைசியாகக் கிடைத்த நல்ல பிரதியைக் காட்டிவிட்டுப் போவார். அந்தப் பிரதியை, கையொப்பம் எதுவும் சேராத ஒரு நிலையான கீயில் தனியாக வைத்திருக்க வேண்டும். பூட்டுக்கு ஆயுள் வைக்க மறக்காதீர்கள். பிடித்தவர் நடுவில் செத்தால் பூட்டு திறக்கவே திறக்காது.

ரெயில்ஸில் 'ரேஸ் கண்டிஷன் டிடிஎல்' இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது ஆயுள் முடிந்த பொருளுக்குத்தான் உதவும், முதலில் வந்தவர் புதுப்பிக்கும் சில நொடிகளுக்கு மற்றவர்களுக்குப் பழையதைக் காட்டும். கையொப்பம் மாறிக் கீயே வேறாகிவிட்டால் காட்டப் பழையது என்று ஒன்று அங்கே இல்லை.

உங்கள் 'அதிகம் படித்தவை' பட்டியலுக்கு இதைவிட எளிய வழி, வாசகரின் கோரிக்கைக்குள் அந்த வினவலை ஓட்டவே ஓட்டாதீர்கள். பின்னணி வேலை ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கிட்டு எழுதி வைக்கட்டும், பக்கம் படிக்க மட்டும் செய்யட்டும். அப்போது நெரிசலுக்கு வாய்ப்பே இல்லை.

கோட் ஏற்றும்போது எல்லாச் சர்வரையும் ஒன்றாக மாற்றாமல் ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். பத்தில் ஒன்று என்றால் பத்தில் ஒரு பங்குக் கூட்டம்தான் புதுக் கீகளைக் கேட்கும், பொதுவான ரெடிஸ் நிதானமாக நிரம்பும். பிறகு மற்றவை வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். தேர்வு முடிவு நாளில் அட்டை டெம்ப்ளேட்டில் கை வைக்கவே வேண்டாம்.

ஒரு கேள்வி: உங்கள் சைட்கிக் பின்னணி வேலைகளும் இதே ரெடிஸில்தான் இருக்கின்றனவா?

நெய்தல்:

ஆமாம், ஒரே ரெடிஸ்தான். அதில் என்ன சிக்கல்?

கம்பிவேலி:

பெரிய சிக்கல். கேஷ் என்றால் இடம் நிரம்பியதும் பழையதைத் தூக்கி எறிய வேண்டும். வேலை வரிசையில் எதையும் எறியக் கூடாது, எறிந்தால் யாருக்கோ போக வேண்டிய மின்னஞ்சல் காணாமல் போகும். ரெடிஸுக்கு நினைவக வரம்பும் வெளியேற்றக் கொள்கையும் மொத்த இன்ஸ்டன்ஸுக்கும் ஒன்றுதான். இயல்பாக 'எதையும் எறியாதே' என்றிருக்கும், அதாவது நிரம்பியதும் எழுதும் கட்டளைகள் எல்லாம் பிழை கொடுக்கும். கேஷுக்கு ஒரு ரெடிஸ், வேலைகளுக்கு ஒரு ரெடிஸ். இதை இந்த வாரமே பிரியுங்கள்.

அப்புறம், யாராவது ரெடிஸ் பயணத்தைக் குறைக்க ஒவ்வொரு சர்வரின் நினைவகத்திலேயே கேஷ் வைக்கலாம் என்பார்கள். 10 சர்வர், ஒவ்வொன்றிலும் 8 புராசஸ் என்றால் 80 தனித்தனிக் கேஷ்கள். வாசகர் பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் தலைப்பு பழசுக்கும் புதுசுக்கும் மாறி மாறித் தாவும். கூட்டம் கூடும்போது தானாக முளைக்கும் புதிய சர்வர் வெறுங்கேஷோடு வருகிறது, உதவிக்கு ஆள் தேவைப்படும் அதே நேரத்தில். நாள்கணக்கில் மாறாத, மிகச் சிறிய தகவலுக்கு மட்டும் சரி. பிரிவுகளின் பெயர்ப் பட்டியல் போல.

புதுநிலவு:

நான் முன்முனை. ஒரு சின்னச் சந்தேகம். பொது சிடிஎன்னிலிருந்து (கோப்புகளைப் பல ஊர்களில் வைத்து வழங்கும் சர்வர் வலை) ஜேகுவெரி போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை எடுத்தால், வாசகர் வேறு தளத்தில் ஏற்கெனவே இறக்கியிருப்பார், இங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று படித்திருக்கிறேன். அட்டையின் ஸ்கிரிப்டுக்கும் அதைச் செய்யலாமா?

ஆனைமுடி:

அந்தக் காலம் முடிந்துவிட்டது. சஃபாரி 2013 முதலே கேஷைத் தளவாரியாகப் பிரித்து வைக்கிறது, குரோம் 2020இல் 86ஆம் பதிப்பில் அதைச் செய்தது. ஒரு தளத்தில் இறக்கியது இன்னொரு தளத்துக்குக் கிடைக்காது. உங்கள் சொந்த முகவரியிலிருந்தே கொடுங்கள். கோப்பின் பெயரில் உள்ளடக்கத்தின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீடு) சேர்த்து ஒரு வருட ஆயுள் கொடுத்துவிடுங்கள். மாறினால் பெயரே மாறும்.

நெய்தல்:

எல்லோருக்கும் நன்றி. 'சேமி' குறியையும் நேரக்குறிப்பையும் அட்டையிலிருந்து எடுத்தாயிற்று. தொகுப்பாகக் கேட்பதும் வந்துவிட்டது. 60 பயணம் ஒன்றானதும் முகப்பு கண்ணுக்குத் தெரிய வேகமாகிவிட்டது. ரெடிஸ்களையும் பிரித்தோம்.

இப்போது ஒன்று தோன்றுகிறது. அட்டைக்கு வாசகர் யார் என்று தெரியாது என்றால், உள்நுழையாதவர்களுக்கு முகப்பு முழுவதும் ஒரே எச்டிஎம்எல்தானே? அதை அப்படியே ரெயில்ஸுக்கு முன்னால் வார்னிஷ் என்ற கேஷ் சர்வரிலோ சிடிஎன்னிலோ வைத்துவிடலாமா?

ஆனைமுடி:

அதற்காகத்தான் முதலில் அங்கே கை வைக்கச் சொன்னேன். அட்டையைக் கேஷ் செய்வதில் கிடைப்பது மில்லிநொடிகள். அட்டையைச் சுத்தமாக்கினால் அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு அடுக்கும் கேஷ் செய்யத் தகுதியாகிறது, கோரிக்கை ரெயில்ஸ் வரைக்கும் வரவே வராது. வார்னிஷே ஒரு செய்தித் தளத்துக்காகப் பிறந்ததுதான். நார்வேயின் விஜி நாளிதழின் இணையதளத்துக்காக எழுதப்பட்டு 2006இல் வெளிவந்தது.

வைப்பதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். வார்னிஷ் இயல்பாக, குக்கியோடு வரும் கோரிக்கையைக் கேஷ் செய்யாது. வாசகர் எண்ணிக்கையை அளக்கும் ஸ்கிரிப்ட் ஒரு குக்கி வைத்திருந்தாலே போதும், ஒருவருக்கும் கேஷ் கிடைக்காது. எனவே உங்கள் உள்நுழைவுக் குக்கியைத் தவிர மற்றவற்றை நுழைவாயிலிலேயே கழற்றிவிடுங்கள். ரெயில்ஸ் பதிலில் செஷன் குக்கியை அனுப்பினாலும் இதே கதைதான், முகப்பில் செஷனைத் தொடவே தொடாதீர்கள். மூன்றாவது, லேஅவுட்டில் (பக்கத்தின் பொதுச் சட்டகத்தில்) இருக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன், அதாவது படிவம் நம் பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் குறியீடு. அது ஆளுக்கு ஆள் வேறு. பக்கத்தோடு சேர்ந்து கேஷ் ஆனால் கருத்துப் படிவம் போடுகிறவர்களுக்கெல்லாம் பிழை வரும். 'சேமித்தவை' பட்டியலைக் கொண்டுவரும் அந்தச் சின்னக் கோரிக்கையிலேயே டோக்கனையும் சேர்த்து அனுப்பலாம்.

பிறகு பக்கத்துக்கு 30 நொடி ஆயுள் கொடுத்து, அதன்மேல் 'ஸ்டேல் வைல் ரீவேலிடேட்' என்று சில நிமிடங்கள் கொடுங்கள். 2010இல் ஆர்எஃப்சி 5861 என்ற இணைய ஆவணத்தில் வந்தது. ஆயுள் முடிந்ததும் வாசகருக்குப் பழையதைக் கொடுத்துவிட்டுப் பின்னணியில் புதியதை எடுத்து வரும். வார்னிஷில் இதற்குக் கிரேஸ் என்று பெயர். கம்பிவேலி சொன்ன நெரிசல் இந்த அடுக்கிலேயே நின்றுவிடும்.

தறி:

ஒன்றைச் சேர்க்கிறேன். வழங்கும் மொழியைக் குக்கி வைத்துத் தீர்மானிக்காதீர்கள், முகவரியிலேயே வையுங்கள். முகவரி வேறு என்றால் எல்லா அடுக்கும் தானாகவே பிரித்து வைக்கும். குக்கியில் வைத்தால் மறுபடி முதல் பதிவில் சொன்ன இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

நெய்தல்:

மொழி முகவரியில்தான் இருக்கிறது, நல்லவேளை. கடைசியாகக் கருத்து எண்ணிக்கை மட்டும் பாக்கி. ஒவ்வொரு கருத்துக்கும் செய்தியை 'டச்' செய்கிறோம். சூடான செய்தியில் கருத்துகள் மளமளவென்று விழும்போது அந்த ஒரு வரிசையைத் திருத்த எல்லோரும் காத்திருப்பது போஸ்ட்கிரெஸ் பதிவில் தெரிகிறது.

ஆனைமுடி:

ஆமாம், ஒரே வரிசையைத் திருத்த வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அந்த 'டச்'சை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கையை ரெடிஸில் தனி எண்ணியாக வைத்து, கருத்து விழும்போது ஒன்று கூட்டுங்கள். அட்டையில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். பிரவுசர் அதே போன்ற இன்னொரு சின்னக் கோரிக்கையில் திரையில் உள்ள 60 செய்திகளின் எண்களையும் அனுப்பி, 60 எண்ணிகளையும் பல மதிப்புகளை ஒன்றாகப் பெறும் ஒரே ரெடிஸ் கட்டளையில் வாங்கிக் கொடுங்கள். உள்நுழையாதவருக்கும் இந்தக் கோரிக்கை போகும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் தனி முகவரியாக்கி அதற்கும் 10 நொடி ஆயுள் கொடுங்கள். முகப்பில் எல்லோருக்கும் அதே 60 செய்திகள் என்பதால், எண்களை ஏறுவரிசையில் அடுக்கி அனுப்பினால் முகவரியும் எல்லோருக்கும் ஒன்றாகவே அமையும்.

சேமித்தவற்றின் முகவரிக்கு மட்டும் 'தனிப்பட்டது, சேமிக்காதே' என்ற எச்டிடிபி தலைப்பை (பதிலோடு போகும் குறிப்பு) போட்டு, வார்னிஷ் அதைக் கேஷ் செய்யாமல் ரெயில்ஸுக்கே அனுப்புமாறு விதியும் எழுதிவிடுங்கள். முடித்ததும் இரண்டு பயனர் கணக்குகளை இரண்டு பிரவுசரில் திறந்து, மாறி மாறிப் புதுப்பித்துப் பாருங்கள்.